பாடி, சோழவரம், பட்டறை: ‘செல்ஃப்’ மோட்டாரின் வரலாறு

1911இல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் தொடக்கியை, கேடிலாக் நிறுவனம் தன் 1912ஆம் ஆண்டுக் கார்களில் பொருத்தியது. கைப்பிடியைச் சுழற்றும்போது எஞ்சின் பின்னடித்துக் கையை முறிக்கும் ஆபத்து அதன்பின் குறையலாயிற்று. தமிழகப் பட்டறைகளில் இக்கருவியின் பெயர் ‘செல்ஃப்’.

1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் கார்ப் பந்தயங்களை நடத்தியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய அக்காலத்தில் அயல்நாட்டு ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதிய செல்ஃப் கிடைப்பது அரிது. எனவே பழையதைச் சீராக்குவதே வழி: தேய்ந்த கார்பன் பிரஷ்ஷையும் புஷ்ஷையும் மாற்றுதல், கம்யூட்டேட்டரைக் கடைசல் பிடித்தல், எரிந்த ஆர்மேச்சருக்குக் கம்பி கட்டுதல்.

இவ்வேலைக்கு அடித்தளம் உள்ளூரிலேயே இருந்தது. பிரிட்டனின் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார் 1955இல் பெற்ற 1,489 சி.சி. பி-வரிசை எஞ்சினே பின்னர் அம்பாசடரிலும் இடம்பெற்றது. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு மின்கருவிகள் வழங்கிய லூகாஸ், டி.வி.எஸ். குழுமத்துடன் இணைந்து 1961இல் லூகாஸ்–டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கியது, சென்னையை அடுத்த பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டார்கள் உற்பத்தியாயின. பந்தயக் காரின் செல்ஃபும் வாடகைக் காரின் செல்ஃபும் ஒரே தொழில்நுட்ப மரபைச் சேர்ந்தவை. அம்பாசடரில் பழகிய கைக்கு எம்.ஜி. அந்நியமன்று.

இந்திய மோட்டார் வரலாறு பெரும்பாலும் ஆலைகளையும் உரிமங்களையும் கொண்டே எழுதப்படுகிறது. ஆலையில் பிறந்த கருவியின் ஆயுளை நீட்டித்த பட்டறைத் திறனும் அவ்வரலாற்றின் பகுதியே. அதன் சான்றுகள் கோப்புகளில் குறைவு; முதிய மெக்கானிக்குகளின் நினைவிலேயே மிகுதி. அந்நினைவுகளைப் பதிவுசெய்யும் பணி காலம் தாழ்த்தத்தக்கதன்று.