வேலையற்றோர் உதவியும் காலதாமதமும் – ஒரு வரலாற்று நோக்கு

உழைக்க விரும்பியும் வேலை கிடையாதவர்க்கு உதவுதல் அரசின் கடமை என்பதை இன்று வெளிப்படையாக மறுப்பார் அரியர். ஆயின், அவ்வுதவியைக் கோரி நிற்பவர் எத்தனை நாட் காத்திருத்தல் வேண்டும், அக்காத்திருப்புக்குப் பொறுப்பாளர் யார் என்னும் வினாக்கள் அதே அளவு உரத்து எழுப்பப்படுவதில்லை. இவ்வினாக்களை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புத்தளத்துக்கு வடக்கே, கலா ஓயாவை அடுத்து, வில்பத்துக் காட்டின் எல்லையில் அமைந்த ஊர் எலுவன்குளம். இப்பகுதியில் மீன்பிடி, சேனைப் பயிர்ச்செய்கை, கூலிவேலை ஆகிய யாவும் பருவத்தை நம்பியவை. ஆறு பெருகினால் பழைய மன்னார்ப் பாதையின் தாம்போதி நீரில் மூழ்கும். வெளியூர் வேலையும் அத்துடன் தடைப்படும். அந்நாட்களில் இங்குள்ள உழைப்பாளி வேலையற்றவரே. எனினும் சட்டத்தின் கண்ணுக்கு அவர் வேலையற்றவராகத் தோன்றுவதில்லை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும், வேலைநீக்கத்தைக் கட்டுப்படுத்திய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் தொழில்வழங்குநர் ஒருவரின் கீழ் வேலை செய்தோரையே கருத்திற் கொண்டன. தோணியும் சேனையும் அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

இந்நிலையின் வேர்களை அறிய, நம்மை ஆண்ட நாட்டின் வரலாற்றை முதலில் நோக்குதல் தகும். பிரித்தானியாவின் 1834ஆம் ஆண்டு வறியோர் சட்டம், உதவி பெறுபவரின் நிலை மிகத் தாழ்ந்த கூலியாளின் நிலையினும் தாழ்ந்திருத்தல் வேண்டும் என்னும் கொள்கையை அடிப்படையாகக் கொண்டது. 1911ஆம் ஆண்டின் தேசிய காப்புறுதிச் சட்டம் இதனை ஓரளவு மாற்றியது. குறிப்பிட்ட சில தொழில்களில் வேலை இழந்தோர்க்கு வாரம் 7 சிலிங், ஆண்டுக்கு 15 வாரம் வரை, உரிமையாகவே கிடைத்தது. எனினும் முதல் வாரத்துக்குப் பணமில்லை. தாமாக வேலையை விட்டு நீங்கியோர்க்கும் ஒழுக்கக்கேட்டினால் நீக்கப்பட்டோர்க்கும் ஆறு வாரத் தடை தண்டனையாக விதிக்கப்பட்டது. 1921 முதல், தாம் உண்மையாகவே வேலை தேடினோம் என்பதை எண்பிக்கும் பொறுப்பும் கோரிக்கையாளர் தலையிற் சுமத்தப்பட்டது. இல்லாத வேலையைத் தேடியதற்குச் சான்று காட்ட இயலாது இலட்சக்கணக்கானோர் மறுக்கப்பட்டனர். 1930இல் அவ்விதி நீக்கப்பட்டபோதும், மறு ஆண்டே குடும்ப வருமானச் சோதனை புகுத்தப்பட்டது.

ஐயத்துடன் உதவும் இம்மனப்பான்மை, அதற்கு முன்னரே கடல்கடந்து தமிழகத்திற் கொடிய வடிவெடுத்திருந்தது. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சேர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியத்தின் விலையும் ஒரு சிறு தொகையுமே போதும் என 1877இன் தொடக்கத்தில் வரையறுத்தார். உடலுழைப்புக்கு அது போதாது என மாகாணச் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ் வாதிட்டார். சில மாதங்களின் பின்னரே கூலி உயர்த்தப்பட்டது. அரசுக்கு அம்மாதங்கள் கடிதப் போக்குவரத்தின் காலம். பட்டினி கிடந்தோர்க்கோ உயிர் பிரியும் காலம். இலங்கைத் தோட்டங்களை நாடிக் கடல்கடந்தோருட் பலர் இப்பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களே.

இலங்கைக்குப் பிரித்தானியாவிலிருந்து வந்து சேர்ந்தது 1911இன் காப்புறுதி அன்று, 1834இன் மரபே. 1939ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் கொழும்பு, கண்டி, காலி ஆகிய நகரங்களோடு நின்றது. ஏனைய இடங்களில் வழங்கப்பட்ட சொற்ப மாதாந்த உதவியை மக்கள் ‘பிச்சைச் சம்பளம்’ என்றனர்; சிங்களத்தில் அது ‘பின்படி’, அதாவது புண்ணியத்துக்காக அளிக்கும் படி, எனப்பட்டது. பெயரே அதன் தன்மையை உணர்த்தும். உரிமையைப் பெறுபவர் அது தாமதித்தாற் கேள்வி கேட்கலாம். பிச்சை பெறுபவர் எங்ஙனம் கேட்பார்?

1979இல் அறிமுகமான உணவு முத்திரைத் திட்டம் இதற்குத் தக்க சான்றாகும். மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கென வகுக்கப்பட்ட இத்திட்டத்தில் நாட்டு மக்களுட் பாதிப்பேர் அளவில் இடம்பெற்றனர். ஆனால் 1980இல் புதிய பதிவுகள் நிறுத்தப்பட்டன. அதன் பின்னர் தொழிலிழந்தவரும் பிறந்த குழந்தையும் பட்டியலுக்கு வெளியே நின்றனர். முத்திரையின் பெறுமதி மாறாதிருக்க, அரிசி விலையோ ஏறிற்று. மூடப்பட்ட பதிவேடு, எவரையும் குற்றவாளி எனக் கூறாமலே தண்டித்தது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடமாகாண முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், பெரும்பாலும் புத்தள மாவட்டத்தையே அடைந்தனர். கடலையும் வயலையும் கடையையும் ஒரே நாளில் இழந்த அவர்கள் கூலியாட்களாயினர். உலருணவு நிவாரணம் அவர்தம் பசியை ஒருவாறு தணித்தது உண்மையே; ஆயின் இழந்த தொழிலுக்கு அது ஈடாகவில்லை. ஏற்கெனவே வறியராயிருந்த புத்தளத்து மக்களும் அதே கூலிவேலைக்குப் போட்டியிட நேர்ந்தது.

அண்மைக்கால அனுபவமும் வேறன்று. 2023 யூலையில் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும திட்டம் 22 குறிகாட்டிகளைக் கொண்டு பயனாளிகளைத் தெரிந்தது. தெரிவுப் பட்டியல் வெளியானதும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. யூலைக்குரிய முதற் கொடுப்பனவு ஆகஸ்ட் இறுதியிலேயே வங்கிகளை எட்டத் தொடங்கியது. தகுதியற்றோரை விலக்குதல் நியாயமே; பொதுப்பணம் வீணாதல் கூடாது. ஆயினும், அவ்விலக்கலின் தவற்றையும் தாமதத்தையும் தகுதியுடையோரே சுமத்தல் எங்ஙனம் நியாயமாகும்?

இதற்கு மாற்றுவழி இல்லாமலில்லை. இந்தியாவில் 2005இல் இயற்றப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், விண்ணப்பித்த 15 நாட்களுக்குள் வேலை தரத் தவறின் வேலையின்மைப் படி வழங்குமாறு மாநில அரசைப் பணித்தது. முதல் 30 நாட்களுக்குக் கூலியிற் காற்பங்குக்கும், அதன்பின் அரைப்பங்குக்கும் குறையாது அப்படி இருத்தல் வேண்டும். சட்டத்தை மீறுவோர்க்கு 1,000 ரூபா வரை தண்டமும் குறிக்கப்பட்டது. நடைமுறையில் அப்படி வழங்கப்பட்டது மிக அரிதே என்பதை மறைத்தல் ஆகாது. ஆயினும், கடிகாரம் விண்ணப்பதாரருக்கு எதிராக அன்றி அலுவலகத்துக்கு எதிராக ஓட வேண்டும் என்னும் நெறி அங்கே சட்டமாக எழுதப்பட்டது.

இதுகாறும் நோக்கியவற்றால், உதவித் திட்டங்களின் வரலாறு தொகைகளின் வரலாறு மட்டுமன்று, காத்திருப்பின் வரலாறுமாம் என்பது பெறப்படும். பொய்க்கூற்றுக்குத் தண்டனை விதிக்கும் அரசு, தன் தாமதத்துக்கும் ஒரு விலையை விதித்துக்கொள்ளுதல் வேண்டும். இன்ன திகதிக்குள் விடை, தவறின் இன்ன ஈடு என்று எழுதப்படும் நாளிலேயே, தாம்போதிக்கு அப்பால் நிற்கும் எலுவன்குளத்து உழைப்பாளி பிச்சை கேட்பவராக அன்றி, உரிமையுடைய குடிமகனாக அலுவலக வாசலை மிதிப்பார்.