ஆண்டை போடாத சோறு

"உனக்குச் சோறு போட்டது யாருடா?" எங்க ஊர்ப் பண்ணை வீட்டுத் திண்ணையிலிருந்து இந்தக் கேள்வி வந்து விழுவதைச் சின்ன வயசிலேயே கேட்டிருக்கேன். கூலி கூடக் கேட்டால் அதுதான் முதல் பதில். ஜமைக்காத் தீவின் சாப்பாட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, அதே கேள்வி கடல் கடந்தும் இருந்திருப்பது தெரிந்தது.

1655இல் ஸ்பானியரிடமிருந்து ஆங்கிலேயர் பிடுங்கிய தீவு அது. நல்ல நிலமெல்லாம் கரும்புக்குப் போனது. கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்து விற்கப்பட்ட மக்கள். அவர்களுடைய வயித்துக்கான செலவை முதலாளி எப்படிக் குறைத்தான்? கரும்பு ஏறாத மலைச்சரிவைக் காட்டி, நீயே விளைவிச்சுத் தின்னு என்றான். அதற்கு விட்ட நேரம் ஞாயிற்றுக்கிழமையும், கரும்பு வெட்டில்லாத மாதங்களில் ஒன்றுவிட்ட சனிக்கிழமையும்.

அந்தக் கல்லாங்காட்டில்தான் ஜமைக்காவின் சமையல் பிறந்தது. ஆப்பிரிக்காவில் தின்று பழகிய வள்ளிக்கிழங்கு, சேம்பு, வாழை எல்லாம் நட்டார்கள். தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்களை ஸ்பானியர் ஏறக்குறைய அழித்துவிட்டார்கள். ஆனால் கசப்பு மரவள்ளியைத் துருவி, நஞ்சுச் சாற்றைப் பிழிந்தெடுத்து, ரொட்டியாகச் சுடும் அவர்களுடைய பக்குவம் அழியவில்லை. இன்றைக்கும் அங்கே அது 'பாமி'.

தின்றது போக மிஞ்சியதைப் பெண்கள் தலைச்சுமையாக ஞாயிற்றுச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளைக்காரன் வீட்டு மேசைக்குக் காயும் கோழியும் அங்கிருந்துதான் போயின. எட்வர்ட் லாங் என்பவன் தோட்ட முதலாளி, கறுப்பர்களை மனிதராகவே மதிக்காதவன். அவனே 1774இல் எழுதிய ஜமைக்கா வரலாற்றில், தீவில் புழங்கிய நாணயத்தில் ஐந்தில் ஒரு பங்கு அடிமைகளின் கையில் இருந்ததாகக் கணக்குச் சொல்கிறான். அப்படியானால் யார் யாருக்குச் சோறு போட்டது?

முதலாளி கொடுத்ததும் உண்டு. காட் மீன் கருவாடு. அது ஜமைக்காக் கடல் மீனில்லை, வட அமெரிக்கக் குளிர்கடல் மீன். நல்லதெல்லாம் ஐரோப்பாவுக்குப் போக, உடைஞ்சது, கெட்டது, விலைபோகாதது எல்லாம் 'கழிவு மீன்' என்ற பெயரோடு கரீபியத் தீவுகளுக்குக் கப்பலேறியது. அமெரிக்க விடுதலைப் போரில் அந்தக் கப்பல்களும் நின்றன. 1780 தொடங்கி அடுத்தடுத்துப் புயல்கள், மலைத்தோட்டங்கள் நாசம். 1780க்கும் 1787க்கும் நடுவில் பட்டினியாலும் அதனால் வந்த நோயாலும் 15,000 அடிமைகள் செத்ததாக முதலாளிகளின் சட்டசபையே கணக்கெழுதியது.

இதற்கு அவர்கள் கண்ட தீர்வு ஈரப்பலா. மலிவான தீனி. தாஹித்தியிலிருந்து கன்று கொண்டுவர 1787இல் வில்லியம் பிளை 'பவுண்டி' கப்பலில் புறப்பட்டான். 1789 ஏப்ரல் 28இல் மாலுமிகள் கலகம் செய்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட கன்றுகளைக் கடலில் வீசினார்கள். கதையாகவும் சினிமாவாகவும் நமக்கு வந்து சேர்ந்தது இந்தக் கலகம்தான். யாரைத் தின்னவைக்க அந்தக் கன்றுகள் என்பது கதையில் ஓரமாய்ப் போச்சு. மறுபடி போய் 1793இல் கொண்டு வந்து சேர்த்தான். தின்னவேண்டியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ரொம்ப காலம் பன்றிக்குப் போட்டார்கள்.

'அக்கி' என்றொரு பழம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 1770களில் அடிமைக் கப்பலில் வந்தது. மரத்திலேயே தானாக வெடிக்குமுன் தின்றால் ஆளைக் கொல்லும். எப்போது பறிப்பது, எதைக் கழிப்பது என்ற அறிவு இல்லாமல் அதைத் தொட முடியாது. அந்தப் பழத்துக்குத் தாவரவியல்காரர்கள் வைத்த பெயர் 'பிளைகியா சபிடா'. ஆமாம், அதே பிளை! லண்டனுக்குக் கொண்டுபோனவன் பெயர் நிலைத்தது. நஞ்சு நீக்கித் தின்னத் தெரிந்தவர்களின் பெயரை எவனும் எழுதி வைக்கவில்லை.

இந்த அக்கியையும் அந்தக் கழிவுக் கருவாட்டையும் வெங்காயம், மிளகாயோடு வதக்கினால் அதுதான் இன்றைய ஜமைக்காவின் தேசிய உணவு. ஓட்டல்களில் சுற்றுலாக்காரர்களுக்குக் காலைப் பலகாரம்.

1838 ஆகஸ்ட் 1இல் முழு விடுதலை வந்தது. அடிமைகளை இழந்ததற்கு ஈடாகப் பிரிட்டிஷ் அரசு ஒதுக்கிய 2 கோடி பவுண்டு முதலாளிகளுக்கே போனது. விடுதலையானவர்களுக்குக் காலணா இல்லை. அதோடு விட்டானா? அவர்கள் குடியிருந்த குடிசைக்கும், பயிரிட்டுத் தின்ற மலைத்தோட்டத்துக்கும் வாடகை கேட்டான். கொடுக்க முடியாதவர்களைக் கிளப்பினான். பலபேர் தோட்டத்தையே விட்டு மலையேறி, துண்டு நிலம் வாங்கித் தனி ஊர்களாக உட்கார்ந்து, மறுபடியும் வள்ளிக்கிழங்கு நட்டார்கள். சந்தைக்கு அந்தப் பெண்களே கூடை சுமந்து இறங்கி வந்தார்கள்.