பெற்றோர் இல்லாத வார்டு

வீட்டில் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும், குழந்தைகள் வார்டில் இன்னொருவர் பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும் நர்ஸைப் பற்றிப் பேச்சு வந்தால், யோசனைகள் எல்லாம் அவரை நோக்கியே நீளும். மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும், வார்டை வார்டோடு விட்டுவிட்டு வர வேண்டும், தியானம் பழக வேண்டும் என்பார்கள். ஏதோ அவரிடம் ஒரு திறமை குறைகிறது என்ற எண்ணம்தான் இதற்கெல்லாம் அடியில் இருக்கிறது. பிரிட்டனில் குழந்தைகள் வார்டு உருவான கதையைப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது. பெற்றோர் எவரும் உள்ளே இல்லாதபடி அமைக்கப்பட்ட இடம் அது. படுக்கையில் கிடக்கும் குழந்தையின் தாய்க்கும் அங்கே இடமில்லை. அக்குழந்தையைக் கவனிக்கும் பெண் தாயாக இருப்பதற்கும் இடமில்லை. முதல் விலக்கைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதும் அதனோடு பிறந்ததுதான் என்பதை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை.

சார்லஸ் வெஸ்ட் என்ற மருத்துவரின் முயற்சியால் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருவில் 1852-ல் குழந்தைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை 10 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1860-ல், செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் செவிலியர் பள்ளி தொடங்கியது. அந்த மாதிரியில் பயிற்சி பெறும் பெண் மருத்துவமனையை ஒட்டிய விடுதியில் தங்குவாள், மேட்ரனின் கண்காணிப்பில் இருப்பாள். கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது நீண்ட காலம் பொது வழக்கமாக இருந்தது. பெற்றோர் வந்துபோகும் நேரமும் இதே கண்டிப்போடு வகுக்கப்பட்டது. 1949-ல் லண்டன் மருத்துவமனைகளின் பார்வை நேரத்தைத் தொகுத்து ஒரு பட்டியல் வெளியானது. கைஸ் மருத்துவமனையில் ஞாயிறு 2 முதல் 4 மணி வரை. செயின்ட் பார்த்தலோமியூவில் புதன்கிழமை மட்டும், அதுவும் ஒன்றரை மணி நேரம். செயின்ட் தாமஸில் முதல் மாதம் பார்க்கவே முடியாது. மாலை 7 முதல் 8 வரை, குழந்தை தூங்கும்போது மட்டும் எட்டிப் பார்க்கலாம். லண்டன் மருத்துவமனையில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் கட்டிலோரம் அமர்ந்திருக்கும் தாய்மாரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பச் சிரமமாக இருக்கும்.

அந்தக் காலத்து டாக்டர்கள் கொடுமைக்காரர்கள் என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. டிப்தீரியா, ஸ்கார்லட் காய்ச்சல், தட்டம்மை எல்லாம் ஒரே வார்டில் ஒரு கட்டிலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய காலத்தில் உருவான விதிகள் அவை, அப்போது பென்சிலின் வந்திருக்கவில்லை. வெளியாள் வந்தால் தொற்றும் வரும் என்ற பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தைச் சோதித்துப் பார்த்தவர்களும் இருந்தார்கள். நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920-களிலேயே கைக்குழந்தைகளோடு தாய்மாரையும் சேர்த்துக்கொண்டார். நியூசிலாந்தில் ஒட்டறுவை மருத்துவத் தம்பதியான பிக்கரில்கள், பிளவுபட்ட அண்ணத்துக்கு அறுவை செய்த குழந்தைகளைத் தாயே கவனிக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். பல குழந்தைகளைத் தொட்டுப் போகும் ஒரு நர்ஸைவிடத் தன் குழந்தையை மட்டும் தொடும் தாயால் தொற்று குறைகிறது என்று 1940-களின் நடுவில் அவர்கள் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதற்குப் பிறகும் லண்டன் கதவுகள் திறக்கவில்லை என்றால், தடையைத் தாங்கி நின்றது கிருமி பயம் மட்டுமல்ல.

தாய் வந்து போனால் பிள்ளை அழும், வராவிட்டால் இரண்டு நாளில் ‘பழகிவிடும்’ என்பது வார்டில் எல்லோரும் சொன்ன இன்னொரு காரணம். மனநல மருத்துவர் ஜான் பௌல்பியிடம் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் இதை ஏற்கவில்லை. அந்த அமைதி பழக்கத்தால் வருவதில்லை, எதிர்ப்பு ஓய்ந்து நம்பிக்கை இழந்தபின் வரும் விலகல் என்றார். காத்திருப்போர் பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் வார்டில் இருந்த அந்த இரண்டரை வயதுச் சிறுமியைப் படம் பிடித்தார். சாதகமான கட்டங்களை மட்டும் பொறுக்கினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, குறிப்பிட்ட நேரங்களில், சுவர்க் கடிகாரமும் தெரியும்படி எடுத்தார். கடைசி நாளில் அந்தக் குழந்தை தன் சாமான்களை எடுத்துக்கொண்டு நடக்கிறது. அம்மா நீட்டும் கையைப் பிடிக்க மறுக்கிறது. 1952-ல் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் படத்தைக் காட்டியபோது டாக்டர்களும் நர்ஸ்களும் கொதித்தார்கள். அப்படிக் கோபப்பட்டவர்களில் ஒருவரான டெர்மட் மெக்கார்த்தி, பிறகு தன் வார்டையே வேறு கண்ணோடு பார்த்து, அமர்ஷமில் தாய்மாரைத் தங்க அனுமதித்தார். தாயைப் பார்த்ததும் அழுகிற குழந்தையை யாராவது தேற்ற வேண்டும். பேசாமல் கிடக்கும் குழந்தையைத் தேற்ற வேண்டியதில்லை. அந்த அமைதியால் நிம்மதி அடைந்தவர்கள் பெரியவர்கள்தான்.

நர்ஸின் பக்கத்தைத் திறந்து காட்டியவர் உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ். லண்டனின் ஒரு பொது மருத்துவமனையை ஆராய்ந்து 1960-ல் அவர் வெளியிட்ட கட்டுரை குழந்தைகள் வார்டைப் பற்றியது மட்டுமல்ல. ஆனாலும் அங்கே கச்சிதமாகப் பொருந்தும். ஒரு நர்ஸ் எல்லாருக்கும் வெப்பநிலை பார்ப்பாள், இன்னொருத்தி எல்லாருக்கும் படுக்கை விரிப்பாள். நோயாளிக்குப் பெயர் கிடையாது, படுக்கை எண்ணும் நோயும்தான். யாரிடமும் ஒட்டாமல் இருந்தால் வேதனை குறையும் என்பது இந்த ஏற்பாட்டின் நோக்கம். வேதனை குறையவில்லை. பயிற்சி மாணவிகளில் சுமார் மூன்றில் ஒருவர் பாதியில் விலகினார். திறமையும் அக்கறையும் உள்ளவர்களே அதிகம் போனார்கள் என்று மென்சீஸ் கருதினார். பிள்ளை பெற்றவள் நெகிழ்ந்துபோவாள், ஒட்டாதவளே நீடிப்பாள் என்று இன்றும் சொல்வோர் இந்தச் சான்றைப் பார்க்க வேண்டும்.

சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு 1959-ல் பெற்றோரின் வருகைக்குத் தடை கூடாது என்று பரிந்துரைத்தது. மருத்துவமனைகள் அசைய மறுத்ததால் 1961-ல் லண்டன் பாட்டர்சீயில் தாய்மாரே ஓர் இயக்கம் தொடங்கினார்கள். கதவு திறந்ததும் நர்ஸின் பாரம் கூடியதே என்று கேட்கலாம், கூடியது உண்மைதான். பெற்றோரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், அவர்கள் கண்முன்னே ஊசி குத்த வேண்டும். போருக்குப் பிந்தைய ஆள் பற்றாக்குறையில் மணமான பெண்களும் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். பிள்ளையோடு தங்கிய ஒரு தாயும், பிள்ளையை விட்டுவிட்டு வந்த ஒரு தாயும் ஒரே கட்டிலின் இரு பக்கமும் நின்றார்கள். அவர்களுக்கிடையிலான இறுக்கத்தைக் கதவைத் திறந்தவர்கள் உண்டாக்கவில்லை; நூறு ஆண்டுகளாக வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்திருந்தது உள்ளே வந்தது, அவ்வளவுதான்.

அந்த இறுக்கத்துக்குத் தீர்வு தனிமனித மனத்திடம் இல்லை என்பதை மென்சீஸே பின்னாளில் ஸ்டான்மோர் எலும்பு மருத்துவமனையில், நெடுநாள் தங்கும் சின்னக் குழந்தைகளின் பிரிவில் காட்டினார். ஒவ்வொரு குழந்தையும் குறிப்பிட்ட ஒருவர் பொறுப்பில் விடப்பட்டது, பெற்றோருக்கு இடமிருந்தது, ஊழியர்கள் தங்கள் சங்கடங்களைச் சேர்ந்து பேச முடிந்தது. மாற்றப்பட்டது வேலை பங்கிடும் முறை. குழந்தையின் தாய்க்குக் கட்டிலோரம் இடம் கொடுத்த மருத்துவமனை, அந்தக் குழந்தையைக் கவனிப்பவளின் ஷிப்டையும் விடுப்பையும் அவளுக்கும் பிள்ளை உண்டு என்ற கணக்கோடு போட வேண்டும். அது நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை. அதை அவளுடைய மனப்பக்குவத்தின் தலையில் கட்டக் கூடாது.