மரி அந்துவானெத் அரசியாரின் குற்றம் யாது?

பிரஞ்சு தேசத்து முடியரசு அழிந்தமைக்கு ஒரு பெண்ணே காரணமென்று கூறுவோர் இன்றும் பலர். ரொட்டியில்லாதார் கேக் தின்னட்டுமென அவ்வரசியார் சொன்னதாக வழங்குங் கதையை நம் அன்பர்களும் கேட்டிருப்பர். அது வெறுங் கட்டுக்கதை. அத்தகைய சொல்லைப் பெயர் குறியாத ஓர் அரசகுமாரியின்மேல் ஏற்றி ரூஸோ எழுதிய காலத்தில், இவர் வியன்னா அரண்மனையில் விளையாடித் திரிந்த சிறுமியே.

1755-இல் பிறந்து, 14 வயதில் பிரஞ்சு இளவரசருக்கு மாலையிட்டு, 1774-இல் பதினாறாம் லூயியின் பட்டத்தரசியானார். ஆஸ்திரியா நெடுநாட் பகைநாடாதலின், புக்ககத்தார் இவரை “ஆஸ்திரியக்காரி” என்றே இகழ்ந்தனர். மணமாகி எட்டாண்டளவும் மகப்பேறில்லாமை அவ்விகழ்ச்சியை வளர்த்தது. ஆடையிலும் சீட்டாட்டத்திலும் இவர் பொருளை வாரியிறைத்தது மெய்யே. அதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

எனினும் இவர் பெயரை அடியோடு கெடுத்தது இவர் வாங்காத ஓர் வைர மாலையாம்! 16 இலட்சம் லிவர் விலையுள்ள அதனை வேண்டாவென்று மறுத்தவர் இவர். லா மோத் என்னும் வஞ்சகி பொய்க் கடிதங்களைக் காட்டி, அரசியார்க்கென்றே ரோஹான் கர்தினாலை அம்மாலை வாங்கச் செய்தாள். இருளில் வெர்சாய் நந்தவனத்தே வேறொருத்தியை அரசியென நிறுத்தியும் அவரை மயக்கினாள். 1786-இல் நியாயஸ்தலத்தார் கர்தினாலை விடுவித்தனர். ஜனங்கள் அவரைக் கொண்டாடினர். ஏமாற்றப்பட்ட அரசியார்க்கோ பழியே மிஞ்சிற்று.

பொக்கிஷம் வறண்டதற்கும் இவரையே நொந்து, “பற்றாக்குறை அம்மாள்” என்றனர். 1788-ஆம் ஆண்டுக் கணக்கு வேறு கூறுகின்றது. செலவிற் பாதி பழங்கடனுக்கே போயிற்று. அரண்மனைச் செலவனைத்தும் நூற்றுக்கு 6 அளவே. அமெரிக்க யுத்தத்திற்கு மட்டும் நூறு கோடி லிவருக்கு மேற்பட்டது. வரி செலுத்த மறுத்த பிரபுக்களை ஏசுதலினும் அயல்நாட்டுப் பெண்ணை ஏசுதல் எளிதன்றோ?

ஆயின் அரசியார் குற்றமற்றவரென்பது நம் கருத்தன்று. 1791 ஜூன் மாதத்தில் குடும்பத்தோடு எல்லைப்புறம் நோக்கி ஓடி வாரென்னில் அகப்பட்ட பின்னர், அரசியல் அமைப்பை ஏற்றவர்போல் வெளியில் நடித்து, உள்ளே அந்நியப் படையை எதிர்நோக்கியிருந்தார். 1792 மார்ச் 26-இல், மந்திராலோசனையில் முடிவாகிய படைத்திட்டத்தை ஆஸ்திரியத் தூதராயிருந்த மெர்ஸிக்கு எழுதியனுப்பினார். அடுத்த மாதமே போர் மூண்டது. தாம் பிறந்த வீட்டிற்குத் தம் குடிகளின் புதல்வரைக் காட்டிக்கொடுத்த இச்செயலுக்கு எந்த மாலைக் கதையும் ஈடாகாது. ஆகஸ்ட் 10-இல் ஜனங்கள் அரண்மனையைத் தாக்கினர். செப்டம்பர் 21-இல் முடியாட்சி ஒழிக்கப்பட்டது. அடுத்த ஜனவரியில் மன்னர் தலையிழந்தார்.

1793 அக்டோபரில் அரசியாரை விசாரித்தோர் அத்துரோகத்தைக் குற்றமாகச் சாட்டினரேனும், அதனை நாட்டும் கடிதம் அவர்கள்பால் இல்லை. அதற்கு ஈடாக, பெற்ற மகனைக் குறித்து நாவாற் கூறவொண்ணாப் பழியொன்றையும் சுமத்தினர். இங்குள்ள தாய்மாரையெல்லாம் கேட்கின்றேன் என்று அரசியார் முறையிட, சபையிலிருந்த பெண்டிரும் சற்றே கலங்கினர். 16-ஆந் தேதி தண்டனை நிறைவேறிற்று. கடிதமோ நெடுங்காலத்தின் பின்னரே வெளிவந்தது.