வேலியோரம் வலம்புரி வளர்க்கலாம்

நாட்டு மருந்துக் கடையில் முறுக்கிய கயிறு போல விற்கிறார்களே வலம்புரிக்காய், அது ஆனைமலைக் காட்டில் தானாக வளரும் ஒரு புதர்ச்செடியின் காய். முறுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால் இடம்புரி என்பார்கள், செடி ஒன்றுதான். இலை சொரசொரப்பாக இருக்கும். சிவப்பாக மலரும் பூ, நாளாக நாளாக நீலச் சாம்பல் நிறமாகிவிடும். தேன்சிட்டுகளுக்கு இந்தப் பூ என்றால் உயிர். பருத்தி, வெண்டையின் உறவுச்செடி என்பதால் பட்டையில் நல்ல நார் உண்டு, கயிறு திரிக்கலாம்.

காய் வேண்டுமென்று புலிகள் காப்பகத்துக்குள் போகாதீர்கள். சிறு வன மகசூல் சேகரிக்கும் உரிமையை 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காடர், மலசர் போன்ற வனவாசி மக்களுக்குத்தான் தருகிறது.

உங்கள் மானாவாரி நிலத்தின் வேலியோரமே போதும். காய் பழுப்பேறி நுனி விரியும்போது பறித்து விதை எடுங்கள். விதைத்தோல் கடினமானது, அப்படியே போட்டால் முளைப்பது குறைவு. கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு, இரவு முழுக்க ஊறவிட்டுப் பையில் விதைக்கவும். மழை பிடித்ததும் நடலாம். வெட்டினாலும் தூரிலிருந்து துளிர்க்கும். முழு வயலையும் இதற்கு ஒதுக்க வேண்டாம்; வாங்கும் கடையைப் பேசிவைத்த பிறகு எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

வயிற்றுப்பொருமலுக்குக் குழந்தைகளுக்கு இதை உரசிக் கொடுப்பது பழைய வழக்கம். ஆனால் வயிற்றுப்போக்கு என்றால் முதலில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள்.