ப்ரொஜெக்டர் வாசித்தவர்

1

கார்டன் மம்மா என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் இசைத்தட்டு ஒன்று 1979-ல் வெளிவந்தது. அதில் ஒரு பகுதிக்கு 'வெனிஸ் ஸ்பேஸ் தியேட்டர் இசை' என்று பொருள்படும் தலைப்பு. இசை உருவானது 1964-ல். மெட்டு கிடையாது, பிடித்துக்கொண்டு தலையாட்ட ஒரு தாளம் கிடையாது. எந்த வாத்தியம் என்றே பிடிபடாத மின்னணு ஓசைகள் உரசிக்கொண்டும் உறுமிக்கொண்டும் போகும். முதல் முறை கேட்கும்போது ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று தோன்றினால் தப்பே இல்லை.

கேட்டு முடித்த பிறகு அந்தத் தலைப்பு உறுத்தும். தியேட்டர் என்கிறாரே, அங்கே என்னதான் ஓடியது?

வெளிச்சம் ஓடியது. ஓவிய ஆசிரியர் ஒருவர் கண்ணாடிகளையும் முப்பட்டகங்களையும் திருப்பித் திருப்பி, ஒரு கூடாரத்தின் உட்புறம் முழுக்கப் படங்களை அலையவிட்டார். அந்த அலைச்சலுக்குத்தான் இந்த ஓசைகள். ஓசை டேப்பில் ஏறியது, தப்பித்தது. வெளிச்சம் எதிலும் ஏறவில்லை. நம் கைக்கு வந்து சேர்ந்தது ஒரு நிகழ்ச்சியின் பாதி.

இந்தக் கட்டுரை மீதிப் பாதியைப் பற்றியது.

2

இடம், அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் உள்ள ஆன் ஆர்பர். ஒரு பெரிய பல்கலைக்கழகமும் அதை நம்பிப் பிழைக்கும் கடைகளும் உள்ள சின்ன ஊர். புதிய கலை என்றால் எல்லோரும் நியூயார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஆன் ஆர்பரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மில்டன் கோஹன் அங்கே கலை கற்பித்தவர். ஓவியம் ஏன் சுவரில் மாட்டிய சட்டகத்துக்குள்ளேயே கிடக்க வேண்டும், வெளிச்சத்தைக் கொண்டு அதை அசைய விடலாமே என்பது அவருடைய யோசனை. சினிமா அதைத்தானே செய்கிறது என்று கேட்கலாம். ஆனால் சினிமாத் திரையும் ஒரு செவ்வகம்தான். அதில் அசைவதெல்லாம் எடிட்டிங் மேசையிலேயே முடிவாகிவிட்டது. ஆயிரம் முறை போட்டாலும் ஆயிரம் முறையும் அதே படம்.

1957-ல் கோஹன் தன் ஸ்டுடியோவில் முக்கோண வெள்ளைப் பலகைகளைக் கூரைபோலச் சாய்த்துக் கட்டினார். நடுவில் ப்ரொஜெக்டர்கள். அவற்றின் முன்னால் சுழலும் தாங்கியில் கண்ணாடிகள், முப்பட்டகங்கள். படச்சுருளிலிருந்தும் ஸ்லைடிலிருந்தும் வரும் வெளிச்சம் இவற்றில் பட்டுச் சிதறி, நாலாபுறமும் பலகைகளில் விழும். பார்க்க வந்தவர்கள் தரையில் மெத்தைகளில் மல்லாந்து படுத்துக்கொள்வார்கள். திரை எங்கே என்று தேட வேண்டியதில்லை, அவர்கள் திரைக்குள்தான் கிடந்தார்கள். இதற்கு அவர் வைத்த பெயர் ஸ்பேஸ் தியேட்டர்.

இசைக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருவர் ராபர்ட் ஆஷ்லி. ஆன் ஆர்பரிலேயே 1930-ல் பிறந்தவர், அதே பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர், அங்கேயே பேச்சொலி ஆய்வுக்கூடத்தில் வேலையும் பார்த்தவர். இன்னொருவர் மம்மா. 1935-ல் பிறந்தவர், ஹார்ன் வாசிப்பவர். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சீக்கிரமே படிப்பை விட்டவர். படிப்பை விட்டாரே தவிர ஊரை விடவில்லை. கல்லூரி ஊர்களில் இப்படிச் சிலர் எப்போதும் இருப்பார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்காது, ஆனால் உருப்படியாக எது நடந்தாலும் அங்கே நிற்பார்கள்.

அடுத்த ஏழு வருஷம், 1964 வரைக்கும், ஸ்பேஸ் தியேட்டர் கிட்டத்தட்ட வாராவாரம் நடந்தது.

3

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். பின்னால் நடந்த பலவற்றுக்கும் காரணம் இந்த ஸ்டுடியோவில்தான் இருக்கிறது.

1950-களில் மின்னணு இசை என்றால் பணம் படைத்த இடத்துச் சமாச்சாரம். ஜெர்மனியில் கொலோன் வானொலி 1951-ல் அதற்கென்றே ஒரு ஸ்டுடியோ தொடங்கியது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகமும் பிரின்ஸ்டனும் சேர்ந்து நடத்திய மையத்துக்கு ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணம் வந்தது. அங்கெல்லாம் இசையமைப்பாளர் மாதக்கணக்கில் உட்கார்ந்து டேப்பை வெட்டி ஒட்டுவார். கச்சேரி நாளன்று மேடையில் ஆள் இருக்க மாட்டார், ஸ்பீக்கர் இருக்கும். பொத்தானை அழுத்துவார்கள், டேப் ஓடி முடியும், ஸ்பீக்கரைப் பார்த்துக் கைதட்டுவார்கள்.

ஆன் ஆர்பரில் அந்த வசதி இல்லை. ஆஷ்லியும் மம்மாவும் 1958-ல் தங்கள் வீடுகளிலேயே 'கூட்டுறவு மின்னணு இசை ஸ்டுடியோ' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெயர்தான் பெரிசு. உங்களிடம் இருக்கும் டேப் ரெக்கார்டரை நான் எடுத்துக்கொள்கிறேன், என்னிடம் இருப்பதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற ஏற்பாடுதான் அது. இல்லாத கருவியை மம்மா தானே சாலிடர் வைத்துச் செய்துகொள்வார்.

பணம் இல்லாததைவிடப் பெரிய சிக்கல் கோஹன்தான். அவர் வெளிச்சத்தை நேரடியாக, அந்த நிமிஷத்தில் இயக்கினார். இன்றைக்கு ஒரு படத்தில் ஐந்து நொடி நிற்பார், நாளைக்கு அதே படத்தில் ஒரு நிமிஷம் நிற்பார். கண்ணாடி எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. பத்து நிமிஷ டேப்பைத் தயார் செய்து போட்டால் படத்தோடு ஒட்டவே ஒட்டாது. இசைக்காரர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. அவர்களும் அந்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே மின்னணுக் கருவிகளை வாசிக்க வேண்டும். டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் கை வைக்க வேண்டும்.

மம்மாவும் ஆஷ்லியும் பிற்காலத்தில் 'லைவ் எலக்ட்ரானிக்' இசையின் முன்னோடிகள் என்று புத்தகங்களில் ஏறினார்கள். நியாயம்தான். ஆனால் அந்தப் பழக்கம் அவர்கள் கைக்கு வந்தது ஒரு ஓவியருக்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்ததால். ப்ரொஜெக்டரை ஒரு மனிதர் வாத்தியமாக வாசித்தார், கூட இருந்தவர்களும் வாசித்தாக வேண்டியதாயிற்று. என் கணக்கில் இந்தக் கதையின் மையம் இதுதான். இசை வரலாறு இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறது.

4

இதே ஊரில் ராஸ் லீ ஃபின்னியிடம் இசையமைப்புப் படித்த மாணவர் கூட்டம் ஒன்று இருந்தது. ரோஜர் ரெனால்ட்ஸ், ஜார்ஜ் கசியோப்போ, டொனால்ட் ஸ்கவார்டா. ரெனால்ட்ஸ் பொறியியல் இயற்பியலில் பட்டம் வாங்கி, ஏவுகணைத் தொழிலில் வேலை பார்த்து, அது வேண்டாமென்று இசைக்குத் திரும்பியவர். 1960-ல் கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு சர்வதேச இசையமைப்பாளர் மாநாடு நடந்தது. இவர்கள் போய்ப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது ஒரு முடிவோடு வந்தார்கள்: நம்ம இசையை நாமே மேடையேற்றிக்கொள்ளலாம், யாரும் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

1961 பிப்ரவரியில் தொடங்கிய அந்த விழாவுக்கு 'ஒன்ஸ்' என்று பெயர். ஒரு தடவை. அடுத்த வருஷம் நடக்கும் என்று அவர்களே நம்பவில்லை. பல்கலைக்கழக அரங்கில் நடத்தவில்லை. யூனிட்டேரியன் தேவாலயம் ஒன்றில் நடத்தினார்கள். உள்ளூர் நாடகக் கலை மையம் ஒன்று பொறுப்பேற்றது. இத்தாலியிலிருந்து லூசியானோ பெரியோவும் பாடகி கேத்தி பெர்பெரியனும் முதல் விழாவிலேயே பங்கெடுத்தார்கள். 'ஒரு தடவை' ஆறு வருஷம் நடந்தது. 1965-ல் ஒரு விழாவை ஊர் நடுவே கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டைமாடியிலேயே வைத்தார்கள்.

நமக்கு வேண்டிய பெயர் இதில் ஸ்கவார்டா. 1962-ல் இரண்டு பியானோ கலைஞர்களுக்காக ஒன்று செய்தார், பெயர் 'ஃபிலிம் ஸ்கோர்'. சினிமாக்காரர்கள் இந்தச் சொல்லைப் படத்துக்குப் போடும் பின்னணி இசைக்குச் சொல்வார்கள். ஸ்கவார்டா அதைத் திருப்பிப் போட்டார். இவரிடம் ஃபிலிமே ஸ்கோர். ஐந்து கோடு போட்ட தாளுக்குப் பதில் படச்சுருள், அதைப் பார்த்து வாசி. 1964-ல் கிளாரினெட், பியானோ இரண்டோடும் படத்தைச் சேர்த்து 'லேண்ட்ஸ்கேப் ஜர்னி' செய்தார்.

ஜார்ஜ் மானுபெல்லி இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். இவரும் பல்கலைக்கழகத்தில் கலை கற்பித்த இளைஞர், படம் எடுப்பவர். இவருடைய 'தி பாட்டில்மேன்' படத்துக்கு 1960-ல் ஒலி அமைத்தது ஆஷ்லி. 1963-ல் மானுபெல்லி ஆன் ஆர்பர் திரைப்பட விழாவைத் தொடங்கினார். 16 எம்எம் படங்கள் மட்டும். ஹாலிவுட் நீளம், ஹாலிவுட் கதை எதுவும் தேவையில்லை. பின்னாளில் 'டாக்டர் சிகாகோ' என்று ஒரு படவரிசை எடுத்தபோது நாயகனாக அவர் நிறுத்தியது ஆல்வின் லூசியரை. நடிகரே இல்லை, ஆஷ்லி, மம்மாவோடு சேர்ந்து இயங்கிய இசையமைப்பாளர். யார் படக்காரர், யார் இசைக்காரர் என்ற கோடு அந்த ஊரில் அந்த அளவுக்கு அழிந்துபோயிருந்தது.

பாப் ஜேம்ஸ் என்று ஒரு பியானோ மாணவரும் அந்த வட்டத்தில் இருந்தார். 1965-ல் வந்த அவருடைய 'எக்ஸ்ப்ளோஷன்ஸ்' தட்டில் ஜாஸ் மூவர் குழுவோடு ஆஷ்லியின் டேப் ஓசைகளும் சேர்ந்து ஒலிக்கும். பிற்பாடு அவர் மென்மையான ஜாஸுக்குப் போய்ப் பெயர் வாங்கினார். அவருடைய 1974-ம் வருஷத்து 'நாட்டிலஸ்' பாட்டை வெட்டியெடுத்து ஒட்டாத ஹிப்ஹாப் தயாரிப்பாளர் குறைவு. நீங்கள் அவரைக் கேட்டிருப்பீர்கள், அவர்தான் என்று தெரியாமல்.

5

1964 செப்டம்பரில் ஸ்பேஸ் தியேட்டர் வெனிஸுக்குப் போனது. வெனிஸ் பியனாலேயின் இசை விழா. அமெரிக்காவின் சிற்றூர் ஸ்டுடியோ ஒன்றில் மெத்தை போட்டுக் காட்டியதை இத்தாலியில் காட்டினார்கள். நான் முதலில் சொன்ன இசை அதற்காகச் செய்ததுதான். அந்த வருஷத்தோடு ஸ்பேஸ் தியேட்டரின் கதையும் முடிகிறது.

1966 மார்ச்சில் ஆன் ஆர்பர் திரைப்பட விழாவுக்கு நியூயார்க்கிலிருந்து ஆண்டி வார்ஹால் வந்தார், வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவோடு. குழு வாசிக்க வாசிக்க அவர்கள் மேலேயே படங்களை ஓடவிட்டார்கள். அடுத்த மாதம் நியூயார்க்கில் அதே வகை நிகழ்ச்சி புதுப் பெயரோடு தொடங்கி உலகப் புகழ் பெற்றது. படமும் நேரடி இசையும் சேர்ந்த நிகழ்ச்சிகளைப் பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அது இருக்கும். வார்ஹாலிடம் யாரும் எதையும் திருடினார் என்று சொல்ல வரவில்லை. அவர் வந்து இறங்கிய ஊரில் அந்த வேலை ஒன்பது வருஷத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கூட்டம் கலைந்தது. மம்மா நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் குழுவுக்குப் போனார். 1969-ல் ஆஷ்லி கலிஃபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் சமகால இசை மையத்தின் பொறுப்பை ஏற்றார். ரெனால்ட்ஸும் கலிஃபோர்னியாவில் பேராசிரியர் ஆனார். 2003-ல் ஒன்ஸ் விழாப் பதிவுகள் ஐந்து குறுந்தகடுகள் கொண்ட பெட்டியாக வந்தன. நாற்பது வருஷத்துக்கு முந்தைய கச்சேரிகள், பார்வையாளர் இருமல் உட்பட. இசை வரலாற்றுக்காரர்களுக்கு அது பொக்கிஷம்.

அதில் 'லேண்ட்ஸ்கேப் ஜர்னி'யும் இருக்கிறது. கிளாரினெட் கேட்கும், பியானோ கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. படம் எங்கே வந்தது, எவ்வளவு நேரம் ஓடியது, அந்த அமைதியில் அவர்கள் எதைப் பார்த்தார்கள், குறுந்தகட்டைக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்பேஸ் தியேட்டர் நிலைமை இன்னும் மோசம். சில புகைப்படங்கள், பார்த்தவர்கள் எழுதிய விவரிப்புகள். ஆஷ்லிக்கும் மம்மாவுக்கும் ரெனால்ட்ஸுக்கும் தனித்தனியாகப் புத்தகங்கள், பேட்டிகள், தட்டுகள் உண்டு. கோஹனின் பெயர் அவற்றின் இரண்டாம் அத்தியாயத்தில் வந்துவிட்டுப் போகிறது. அவர் செய்த கலை மட்டமானது என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. நகல் எடுக்க முடியாத பொருளில் செய்தார் என்பதுதான் அவர் செய்த தப்பு.

'ஒருமுறை நடந்தால் போதும், அதுதானே நேரடி நிகழ்ச்சியின் அழகு' என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. ஒரு நிகழ்ச்சி இரண்டு கலைஞர்களின் கூட்டாக நடந்து, பிறகு அதில் ஒருவருடையது மட்டும் மிஞ்சினால், கூட்டு என்பது பழங்கதையாகி, ஒருவர் மேதை, இன்னொருவர் உதவியாளர் என்று ஆகிவிடுகிறது. எது அழிந்தது என்பதைவிட, அழிந்ததால் யார் சின்னவர் ஆனார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

மானுபெல்லி தொடங்கிய திரைப்பட விழா இன்றும் ஆன் ஆர்பரில் நடந்துகொண்டிருக்கிறது. இப்போது உங்கள் கல்லூரி அரங்கிலோ நண்பர் வீட்டு மொட்டைமாடியிலோ நாலு பேர் கிடார், லேப்டாப், ப்ரொஜெக்டர் வைத்துக்கொண்டு இந்த மாதிரி ஒன்றுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கலாம். ஃபோனில் பதிவு செய்வீர்கள், படம் இருட்டாகத்தான் வரும், ஒலி நன்றாகவே வரும். போஸ்டர் அடிக்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். பாடுபவர் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, அதே அளவு எழுத்தில் ப்ரொஜெக்டர் வாசிப்பவர் பெயரையும் போடுங்கள்.