ஒரே துளையைத் தேடி

எங்கள் கரையில் துப்பாக்கி என்று எழுதுவோம். பேசும்போது துவக்கு என்போம். இரண்டும் துருக்கிய மொழியின் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. சிங்களத்திலும் அது துவக்குவதான். ஆயுதத்தோடு அதன் பெயரும் கடல் கடந்து வந்து, மூன்று சமூகத்தவருக்கும் பொதுவாகிப் போயிற்று.

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை வாழ்ந்த என் தலைமுறையினருக்குத் துவக்கின் வகைகளை எவரும் வகுப்பெடுத்துக் கற்பிக்கவில்லை. யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி வயற்காவலர் வைத்திருந்தது இடியன் துவக்கு. பொலிஸ் நிலைய வாசலில் நின்றது 303. 1987இல் இந்திய அமைதிப்படை வந்தபோது அதன் சிப்பாய்கள் தோளில் தொங்கியது நீளமான எஸ்.எல்.ஆர். பின்னர் எல்லாத் தரப்பினர் கையிலும் ரி-56 வந்தது. வெடியோசையைக் கேட்டே பெயர் சொல்லும் பிள்ளைகள் ஊரெங்கும் இருந்தார்கள். அது பெருமைப்படத்தக்க அறிவன்று.

இதை இப்போது எழுதக் காரணம், ஒஸ்திரேலியாவில் நெடுங்காலம் வாழ்ந்துவரும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கேட்ட கேள்வி. “நாம் அவ்வளவு பயந்த எஸ்.எல்.ஆரை இலக்குச் சுடும் போட்டிக்காரர்கள் ஏன் மதிப்பதில்லை? பழைய 303ஐ அல்லவா தூக்கி வைத்துப் பேசுகிறார்கள்!” என்றார். கேள்வி சிறியது. விடை தேடப் போனால் அது ஒரு நூற்றாண்டு வரலாற்றில் கொண்டுபோய் விடுகிறது.

முதலில் இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். 303 எனப்படும் லீ-என்ஃபீல்டில் ஒவ்வொரு ரவைக்கும் கையால் பூட்டை இழுத்துத் தள்ள வேண்டும். சுடும் கணத்தில் அதற்குள் அசையும் பாகங்கள் மிகச் சில. அரைத்தானியங்கியோ, வெடித்த மருந்தின் வாயுவில் ஒரு பங்கைக் குழலிலிருந்து திருடி, அதனாலேயே பூட்டைத் திறந்து, வெற்றுக் கோதை வெளியே எறிந்து, அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும். சுடுபவர் விசையை மட்டும் மீண்டும் அழுத்தினால் போதும். சேற்றிலும் மணலிலும் இது தவறாமல் இயங்க வேண்டுமானால் பாகங்களுக்கிடையே இடைவெளி இருந்தாக வேண்டும். போர்க்களம் வேண்டிய அந்தத் தளர்ச்சியே போட்டிக்களத்தில் குறையாயிற்று.

துல்லியம் என்றால் நடுவில் படுவது என்றே நாம் நினைக்கிறோம். போட்டிக்காரர் கணக்கு வேறு. பத்து ரவையும் ஒரே இடத்தில் படுகின்றனவா என்பதே அவருடைய முதற் கேள்வி. எல்லாம் இடப்பக்கம் ஒரு சாண் தள்ளிப்பட்டாலும் கவலையில்லை; குறிகாட்டியைத் திருகி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். சிதறினால்தான் செய்வதற்கு ஒன்றுமில்லை. மருதமுனைத் தறிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், நல்ல துணி எது என்று. ஒவ்வோர் இழையும் ஒரே இறுக்கத்தில் விழுந்த துணி என்பார். துவக்கிலும் இதுதான் செய்தி. சுடும்போது குழல் வீணைத் தந்திபோல் அதிர்கிறது. அந்த அதிர்வு ஒவ்வொரு தடவையும் ஒன்றுபோலவே இருந்தால் சன்னங்கள் ஒரே வழியில் போகும். ஒரு தடவை மரக்கட்டை குழலைத் தொட்டு, மறுதடவை தொடாமல் விட்டால் எல்லாம் கெட்டது.

இந்தத் தளர்ச்சியோடு மிக நீண்ட காலம் மல்லுக்கட்டியவர்கள் அமெரிக்கர்கள். அதற்குக் காரணம் அவர்களுடைய போட்டி விதி. 1903இல் தொடங்கி, 1907 முதல் ஒஹையோ மாநிலத்துக் கேம்ப் பெரியில் நடந்துவரும் தேசியப் போட்டிகளில், படையினர் ஏந்தும் அதே துவக்கைக் கொண்டு சுட வேண்டிய பிரிவு ஒன்று உண்டு. 200 யாரில் நின்றும், பிறகு அமர்ந்தும், 300 யாரில் படுத்தும், இறுதியில் 600 யாரில் படுத்தும் சுடுவார்கள். இடையிலுள்ள இரண்டு கட்டங்களில் ஒரு நிமிடமளவில் பத்து ரவைகளைச் சுட்டு முடிக்க வேண்டும், நடுவே ஒரு தடவை ரவை நிரப்பவும் வேண்டும். 600 யாரில், அதாவது அரைக் கிலோமீட்டருக்கும் அப்பால், பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12 அங்குலம். நம் வீட்டுச் சோற்றுத் தட்டைவிடச் சற்றே பெரிது. அதற்குள் இன்னொரு 6 அங்குல வட்டம் சமநிலை வந்தால் வெற்றியாளரைத் தீர்மானிக்கும்.

1936இல் அமெரிக்கப் படை எம்-1 துவக்கை ஏற்றுக்கொண்டது. அதை வடிவமைத்த ஜோன் கரன்ட் கியூபெக்கில் பிறந்து ஸ்பிரிங்ஃபீல்ட் அரச படைக்கலச் சாலையில் வாழ்நாளைக் கழித்தவர். எட்டு ரவை கொள்ளும் அந்த அரைத்தானியங்கி 50 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. போரில் புகழ் பெற்ற துவக்கு போட்டிக்கு வந்தபோது, பழைய கைப்பூட்டுத் துவக்கில் பழகியவர்கள் முகம் சுளித்தார்கள். சாதாரண எம்-1 ஒன்று 100 யாரில் மூன்று நான்கு அங்குலம் சிதறும். அதே சிதறலை 600 யாருக்குப் பெருக்கினால் பத்துப் புள்ளி வட்டம் போதாது.

போருக்குப் பின் 1953இல் கேம்ப் பெரிப் போட்டிகள் மீண்டபோது, ஸ்பிரிங்ஃபீல்ட் சாலையே போட்டிக்கென்று தனியாக எம்-1 துவக்குகளைத் தேர்ந்து செய்யத் தொடங்கியது. வெளித்தோற்றம் மாறக்கூடாது, விசையை அழுத்தும் பாரம் நாலரை இறாத்தலுக்குக் குறையக்கூடாது, மற்றபடி உள்ளே கைவைக்கலாம். இந்த விதிக்குள் நின்றுகொண்டு படைக்கல வினைஞர்கள் செய்த வேலைகளைப் படிக்கையில் எனக்கு எங்கள் ஊர்ப் பொற்கொல்லர்களின் நினைவே வந்தது. குழல்களை ஒவ்வொன்றாக அளந்து, துளை சீரானவற்றை மட்டும் எடுத்தார்கள். குழலின் முனையில் தொங்கும் வாயு உருளை ஆடாதபடி இறுக்கிப் பொருத்தினார்கள். கைப்பிடி மரம் குழலைத் தொடாதவாறு செதுக்கினார்கள். பின்குறியின் துளையைச் சிறிதாக்கி, ஒரு திருகில் நகரும் அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். முன்குறி முள்ளை மெலிதாக்கினார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை மரம். மார்கழி அடைமழையில் எங்கள் வீட்டுக் கதவுகள் நிலையோடு இறுகிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். இரும்பு அதன்மேல் அமரும் இடம் நாளுக்கு நாள் மாறும். 1950களின் இறுதியில் இதற்கு மருந்தாக வந்தது கண்ணாடி இழை கலந்த எப்பொக்சிப் பசை. மரத்தில் பள்ளம் தோண்டி, பசையை நிரப்பி, இரும்பை அதில் அமர்த்தி இறுகவிட்டால், அந்த இரும்புக்கென்றே வார்த்த படுக்கை கிடைக்கும். 1957இல் எம்-1இன் இடத்துக்கு எம்-14 வந்தபோதும் இதே வைத்தியம் தொடர்ந்தது. ஆனால் அந்தப் படுக்கையும் சுடச்சுடத் தேயும். போட்டிப் பருவம் முடியும்வரை துவக்கை மரத்திலிருந்து கழற்றவே கூடாது என்று வினைஞர்கள் கட்டளையிட்டார்கள். பருவம் முடிந்ததும் படுக்கையைப் புதுப்பித்தார்கள். இவ்வாறு செப்பனிட்ட துவக்கு 100 யாரில் ஓர் அங்குலத்துக்கோ ஒன்றரை அங்குலத்துக்கோ சிதறலைக் குறைத்தது. இதற்கென்றே 1956இல் அமெரிக்கப் படையில் குறிசுடும் பிரிவு ஒன்று ஃபோர்ட் பென்னிங்கில் நிறுவப்பட்டிருந்தது.

அடுத்த திருப்பத்தை எவரும் எதிர்பார்க்கவில்லை. வியட்நாமில் பெயர் கெட்டு, விளையாட்டுச் சாமான் என்று நகைக்கப்பட்ட எம்-16 துவக்கை 1990களின் நடுப்பகுதியில் அந்தப் பிரிவினர் போட்டிக்கு எடுத்து வந்தார்கள். அதில் மரமே இல்லை, ஆகவே ஊதும் தொல்லையும் இல்லை. ஒரேயொரு நோய்தான் இருந்தது. சுடுபவர் உறுதிக்காகத் தோல்வாரைக் கையில் இறுகச் சுற்றிக்கொள்வார். வாரின் மறுமுனை குழலோடு பிணைந்திருப்பதால் இழுவையில் குழலே வளைந்துவிடும். கைப்பிடிக்கு உள்ளே, வெளியில் தெரியாதபடி ஓர் உலோகக் குழாயை மறைத்து, வாரின் இழுவையைத் துவக்கின் உடலுக்குத் திருப்பிவிட்டார்கள். குழல் காற்றில் தனியே நின்றது. குழலின் முறுக்குவரிகளை நெருக்கமாக்கியதால் நீண்ட, கனத்த சன்னங்களைச் சுட முடிந்தது. 600 யாருக்கான சன்னம் ரவைக்கூட்டுக்குள் அடங்காத நீளம். அதை ஒவ்வொன்றாகக் கையால் இடுவார்கள். சில ஆண்டுகளுக்குள் எம்-14 பழங்கதையாயிற்று. 2016 முதல் தொலைநோக்கிக் குறிகாட்டிக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள். கண் மங்கிய வயதினருக்கு அது நற்செய்தி, பழையவர்களுக்கு மனத்தாங்கல்.

இனி, நண்பர் கேட்ட எஸ்.எல்.ஆருக்கு வருவோம். பெல்ஜியத்து எஃப்.என். தொழிற்சாலையில் தியூதொனே செவ் வடிவமைத்த எஃப்.ஏ.எல். துவக்கின் பிரித்தானிய வடிவம் அது. இந்தியா தன் வடிவத்தை ஈஷாப்பூரில் செய்தது. எங்கள் கரைக்கு 1987இல் வந்தது அதுதான். இலங்கைப் படையினருக்கு 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்குப் பிறகே அரைத்தானியங்கிகள் பெருமளவில் வந்தன, அதுவரை 303தான். எஸ்.எல்.ஆர். உறுதியானது, நம்பகமானது, 7.62 மில்லிமீட்டர் ரவை வலியது. ஆனால் அதன் முன்குறி குழலிலும், பின்குறி கீல்போட்டு மடங்கும் கீழ்ப்பாகத்திலும் இருந்தன. கீல் சற்றே ஆடினாலும் இரண்டு குறிகளும் ஒன்றையொன்று பார்க்காது. பூட்டும் தலை சாய்ந்து பின்புறத்தில் மட்டும் தாங்குவதால் வெடிக்கும்போது உடற்பகுதி சிறிதளவு நெளியும். எம்-1க்குச் செய்த பசைப் படுக்கை இதற்கு உதவாது; இரும்பைத் தாங்கும் முழுநீள மரமே இதில் கிடையாது. நல்ல துவக்கைப் பொறுக்கியெடுத்தல், ஒரே தொகுதி ரவையைப் பயன்படுத்தல், வாயுத் திறப்பை மாற்றாது வைத்தல் என்பவற்றுக்கு மேல் வினைஞரால் அதிகம் செய்ய இயலவில்லை. பிரித்தானியர் என்ன செய்தார்கள் தெரியுமா? தம் படையிலுள்ள போட்டிக்காரருக்காக, ஓய்வுபெற்ற லீ-என்ஃபீல்டையே மீள எடுத்து, 7.62 குழல் பூட்டி, எல்-39 என்று பெயரிட்டுக் கொடுத்தார்கள். நண்பரின் கேள்விக்கு விடை இதுதான். தோற்ற இடத்தில் திருத்திக்கொண்டிராமல் பழையதற்குத் திரும்பியது புத்திசாலித்தனம் என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் இந்த விடையோடு என்னால் நிறுத்த முடியவில்லை. 600 யாரில் ஒரு தட்டளவுக்குள் பத்து ரவைகளை அடக்க ஐம்பது ஆண்டுகள் உழைத்த மனிதர்களைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, எங்கள் பக்கத்தில் துவக்கு சுட்ட தூரங்கள் நினைவுக்கு வந்தன. 1990 ஜூனில், கல்முனை உள்ளிட்ட கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிசார் திருக்கோவிலை அடுத்த காட்டுப் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற 100க்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகளின் ஆயுததாரிகள் சுட்டுக் கொன்றனர். அதே மாதம் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களும் கொல்லப்பட்டனர். இவற்றில் எதற்கும் துல்லியம் தேவைப்படவில்லை. ஒரு பள்ளிவாசலின் நீளம் எத்தனை யார்? குழல் ஆடினால் என்ன, மரம் ஊதினால் என்ன? போட்டிக்காரர் அரைத்தானியங்கியோடு போராடியது அதன் சிதறலை ஒழிக்க. கொலைகாரருக்கு அதன் வேகம் ஒன்றே போதுமாயிருந்தது.

இதனால்தான் சட்டமும் அந்த வேகத்தைக் குறிவைத்தது. 1987 ஓகஸ்டில் ஹங்கர்ஃபோர்டில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, பிரித்தானியா 1988இல் .22 தவிர்ந்த அரைத்தானியங்கி ரைபிள்களைப் பொதுமக்களுக்குத் தடைசெய்தது. ஒஸ்திரேலியா 1996இல் போர்ட் ஆர்தர் கொலைகளையடுத்து அவ்வழியில் சென்றது. 2019 மார்ச் 15ஆம் திகதி கிறைஸ்ட்சேர்ச் நகரின் இரண்டு பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்கு வந்தோர் சுடப்பட்டு 51 பேர் மாண்டனர். அடுத்த மாதமே நியூசிலாந்து சட்டம் இயற்றியது. காத்தான்குடியை அறிந்த நாங்கள் அந்த வெள்ளிக்கிழமைச் செய்தியை வேறெவரையும் போல் கேட்கவில்லை.

குற்றமற்ற போட்டிக்காரர்கள் தங்கள் துவக்குகளை ஒப்படைக்க நேர்ந்தது உண்மை. அவர்களுள் ஆண்டுக்கணக்கில் ஒரு குழலைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய மனவருத்தம் எனக்கு விளங்குகிறது. கைத்தொழிலில் ஈடுபட்டவரின் வருத்தம் அது. ஆயினும் தராசில் வைத்தால் அந்தத் தடைகள் சரியானவை என்பதே என் முடிவு. தடைக்குப் பின்னும் பிரித்தானியாவின் பிஸ்லித் திடலில் கைப்பூட்டுத் துவக்குகளோடு போட்டிகள் தொடர்கின்றன. விளையாட்டு செத்துவிடவில்லை.

ஒலிம்பிக்கின் ரைபிள் போட்டிகளில் ஒவ்வொரு ரவையையும் கையால்தான் இட வேண்டும். 2021 ஜூலையில் டோக்கியோவில் நடந்த பெண்களுக்கான 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கித் தகுதிச் சுற்றில் இலங்கையின் தெஹானி எகொடவெலவும், கடலூரில் பிறந்த தமிழ்ப்பெண் இளவேனில் வாலறிவனும் ஒரே வரிசையில் நின்று சுட்டார்கள். அந்த இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்.